ஜெட்டிக்கு இரண்டு நிமிடம்

அந்தமானின் ஹட் பே கடைத்தெருவில் சுனாமிக்குத் தப்பி நின்ற மாடிக்கட்டடம் அது. வெளியூரில் இருக்கும் ஓனருக்காக அதைக் கூட்டிப் பெருக்கிச் சாவியும் வைத்திருக்கும் புஷ்பா, ஷட்டரைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். போர்ட் பிளேரிலிருந்து காலைக் கப்பலில் வந்த புரோக்கர் வினோத், கட்டடத்தை விலைக்குப் பார்க்க உடன் வந்த மெயின்லேண்ட்காரருக்குக் கடலைக் கைகாட்டுகிறான். "கப்பல் ஜெட்டி தோ மினிட்தான் சார், நடந்தே போயிரலாம். பஸ் இங்கேயே திரும்பும். முன்னாடி மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல, பாருங்க." வெயிலில் மணல் கண்ணைக் கூசவைக்கிறது. வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே அவன் எட்டுவைத்துத் தூரத்தை அளக்கிறான். புல் மண்டிய ஒரு சிமெண்டுத் தரையில் ஏறுகிறான். அது புஷ்பாவின் அடுப்படி. அவள் பூசிய பச்சைச் சாயம் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. வினோத் அங்கே தோலை எறிந்துவிட்டுப் பேண்டில் கையைத் துடைக்கிறான்.

"இங்க முன்ன என்ன இருந்தது?" என்று வந்தவர் கேட்கிறார்.

"குச் நஹி சார், காலி இடம்."

புஷ்பா முன்னால் வருகிறாள். "பதினோரு வீடு இருந்துச்சு சார். அவரு நிக்கிறது எங்க வீடு. அலை வந்தப்ப எம் மக காவேரி அங்கதான் ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா."

வந்தவர் தலையைக் குனிந்துகொள்கிறார். வினோத் மட்டும் சிரிக்கிறான். "அக்கா சொல்றது சரிதான் சார். அந்த வீடுங்க போனதாலதான் ரோடு இவ்வளவு விசாலமா இருக்கு."

புஷ்பா காறித் துப்புகிறாள். ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டுகிறாள்.

"அக்கா, மாடி இன்னும் பாக்கல."

"பாக்கணும்னா ஓனரையே கப்பலேறி வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள்.