கரித்துணி

ஜீயபுரத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றும் ஜீனத்தின் டீசல் வேனுக்கு முப்பத்தெட்டு வயது. இன்று புகைச் சோதனையில் தேறாவிட்டால் காயலான் கடைதான்.

சோதனை மையத்து தாஹா சைலன்சருக்குள் குழாயைச் செருகினார். மீட்டர் மைனஸ் நான்கு காட்டியது. பக்கத்து லாரிக்கு வைத்தார், ஐம்பது. மறுபடி வேனுக்கு வைத்தார், மைனஸ் நான்கு.

"மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழ இறங்கவே இறங்காதுக்கா."

"பழைய மெக்கானிக்குங்க மாதிரி வெள்ளைத்துணி வெச்சுப் பாருங்க தம்பி. புகை இருந்தா கரி ஒட்டும்."

பதற்றத்தில் தாஹா வெள்ளைத்துணிக்குப் பதிலாகக் கை துடைக்கும் கரித்துணியை எடுத்துச் சைலன்சர் வாயில் பிடித்துவிட்டார். ஜீனத் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

துணி வெளுத்திருந்தது.

தாஹா சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்கக்கா. அந்தக் கரி பிடிச்ச செவுருப் பக்கமா கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க."