அக்காவின் டியூப்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம். மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, காலையில் முதலில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைப் போடுவோம். அது எப்போதும் சீனியர் அக்காவின் ரத்தம்தான். நோயின் கடுமையைக் காட்டும் சி.ஆர்.பி. அவருக்கு இரண்டைத் தாண்டியதில்லை.

அந்த அக்காவுக்கே கொரோனா வந்து மாடி வார்டில் சேர்த்தார்கள். காய்ச்சலுக்கு முன்பே எடுத்த அவருடைய டியூப் ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. அதையே போட்டேன். முப்பது காட்டியது. மறுநாள் தொண்ணூறு. மெஷினைத் திட்டிக்கொண்டே, வார்டிலிருந்து அப்போதுதான் வந்த அக்காவின் புது ரத்தத்தைப் போட்டேன். அதுவும் தொண்ணூறு. யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பழைய டியூப்பைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். எண் மெல்ல இறங்கியது. அக்காவும் தேறினார்.

இன்று வேலைக்குத் திரும்பியவர் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"ஏன்டா, இந்தப் பழசை இன்னுமா கட்டிக்கிட்டு அழற?"

"அக்கா, அதைத் தொடாதீங்க!"

நான் எட்டிப் பிடிப்பதற்குள் டியூப்பைக் கழிவுத் தொட்டியில் போட்டு மூடியை அழுத்திவிட்டார். சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தவர் கழுத்தைத் தடவினார்.

"என்னமோ மூச்சு முட்டுதுடா. அந்த ஜன்னலைத் திற."

ஜன்னல் திறந்துதான் இருந்தது.