சால்மன் பரீட்சை

“எந்த ஸ்பூனைக் கட்டப் போறீங்க தம்பி?”

பத்ரி குனிந்து தேடுவதுபோல் நடித்தான். முதல் கேள்வியே இப்படி!

ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் மேல் டப்பா திறந்திருந்தது. உள்ளே, கைப்பிடியை வெட்டிப் போட்ட கரண்டிகள் போல வளைந்த தகடுகள்; ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு தூண்டில் முள். தண்ணீருக்குள் மினுக்கினால் சால்மன் ஏமாந்து கடிக்குமாம். கல்யாணச் சந்தையில் பத்ரியும் அந்த மினுக்கு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

“ஆரஞ்சு, அங்கிள். தண்ணி கலருக்கு அதான் எடுக்கும்.”

நஞ்சப்பன் தலையாட்டிவிட்டு, தன் டப்பாவிலிருந்தும் அச்சு அசலாக ஒரு ஆரஞ்சை எடுத்துக் கட்டினார். அப்பாடா, ஒரு மார்க்.

எல்லாம் வாய் செய்த வேலை. வெண்பாவைக் கட்டிக்கொள்ள அவள் அப்பா நஞ்சப்பன் சம்மதிக்க வேண்டும். அவர் டெக்சாஸ் சுகர் லேண்டில் எண்ணெய்க் கம்பெனி. கிடா விருந்து போடுகிற கோயம்புத்தூர்க் குடும்பம். பத்ரியோ கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மோந்து பார்க்கிற கலிஃபோர்னியா குபெர்டினோ ஐயங்கார். ‘தயிர்சாதம்’ என்று தள்ளிவிடுவாரோ என்ற பயத்தில், போனில் அவர் “ஹாபி என்னங்க?” என்று கேட்டதும், “சால்மன் ஃபிஷிங், அங்கிள்” என்று அளந்துவிட்டான்.

அந்தப் பக்கம் ஒரு இருமல். பிறகு, “அட, நமக்கும் அதேதானுங்க!” அடுத்த சனிக்கிழமைக்கே ஃப்ளைட் புக் பண்ணிவிட்டார்.

பத்ரியிடம் இருந்த சரக்கு நாலு நாள் பார்த்த யூடியூப் வீடியோக்கள். அவர் கையிலோ புத்தம்புது தூண்டில் ராட், விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பெரிய கைகள் ஊருக்கு ஒரு ராட் வாங்குவார்கள் போலிருக்கிறது!

“நீங்க முதல்ல போடுங்க அங்கிள்.”

“சேச்சே, உங்க ஊரு ஆறு. நீங்க போடுங்க, நான் பாக்கறனுங்க.”

பார்க்கிறாராம். இன்ஸ்பெக்ஷன்!

பத்ரி கையை ஓங்கி வீசினான். ஸ்பூன் ஆற்றை மதிக்காமல் பின்னால் பறந்து மரத்தில் தொங்கியது.

“அங்க எதுக்குங்க தம்பி?”

“காத்து எப்படின்னு செக் பண்றேன் அங்கிள்.”

நஞ்சப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். திரும்பி நின்று, தன் ஸ்பூனையும் அதே மரத்தில் எறிந்தார்.

“ஆமாங்க. நல்ல காத்துத்தான்.”

பத்ரிக்கு முகம் சிவந்தது. மனுஷன் எவ்வளவு மரியாதையாக நக்கல் பண்ணுகிறார்!

அடுத்த வீச்சில் ஸ்பூன் பாறையில் மாட்டி, ராட் வில்லாக வளைந்தது.

“மீனுங்களா?”

“இல்ல அங்கிள், ஆழம் பாக்கறேன்.”

ஐந்து நிமிஷத்தில் அவருடையதும் பாறையில் மாட்டியது. “எனக்கும் ஆழந்தானுங்க” என்றார், சிரிக்காமல்.

பக்கத்தில் அதற்குள் இரண்டு சால்மன்களைக் கரையேற்றியிருந்த வெள்ளைக்காரர், இவர்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, நாசூக்காக இருபதடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மத்தியானத்துக்குள் மரத்துக்கு நான்கு ஸ்பூன், ஆற்றுக்கு ஆறு. மீனுக்குச் சேதம் எதுவுமில்லை.

நஞ்சப்பன் முகம் இறுகியிருந்தது. “ஒரு போன் பேசிட்டு வந்தர்றனுங்க” என்று காரை நோக்கி நடந்தார்.

பத்ரிக்குப் புரிந்துவிட்டது. ரிசல்ட் வீட்டுக்குப் போகிறது. அதற்கு முன் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவதே மேல். பின்னாலேயே ஓடினான்.

காருக்கு அந்தப் பக்கம், நஞ்சப்பன் மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்:

“சாந்தாமணி, புள்ள கல்யாணம் என் வாயாலயே கெட்டுரும் போல இருக்குது. நான் சென்மத்துல தூண்டிலத் தொட்டதில்லன்னு பையன் கண்டுபுடிச்சுட்டான். காலைலருந்து வேணும்னே மரத்துலயும் பாறையிலயும் போட்டு, எனக்கு ஏதாச்சும் தெரியுதான்னு டெஸ்ட் பண்ணிட்டே இருக்கறான்!”