ஊதுங்கண்ணே!

"ஊதுங்கண்ணே."

"எதுக்கு ஊதணும்? கல்யாணத்துல புளிச்ச குதிரைப்பால் ரெண்டு கிண்ணம் குடிச்சேன். அது ஒரு குத்தமா?"

ஒரோஸ்பாய் தலையிலிருந்த உயரமான கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வண்டி ஜன்னலில் நீட்டப்பட்ட மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதினார். கருவி கீச்சிட்டது.

போலீஸ்காரன் தாலாய் எண்ணைப் பார்த்தான். "இவ்வளவு ஏறணும்னா ஒரு குதிரை மந்தையையே கறந்திருக்கணும்ணே!"

பக்கத்து இருக்கையிலிருந்து அவர் மனைவி சுயூம்கான் பொரிந்து தள்ளினாள். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது.

"பட்டப்பகல்ல, கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றவங்களை மறிக்கிறியே, வெக்கமா இல்ல? ஆடு திருடுறவனைப் பிடிக்கத் துப்பில்ல, இங்க வந்து நிக்கிறான்!"

தாலாய்க்குக் காது சூடானது. கொச்கோர் மலைப்பாதையில் நிற்க அவனுக்கு மட்டும் ஆசையா? காலையில் யாரோ ஒரு பெண் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருந்தாள். 'இன்னிக்குக் கல்யாணம். வண்டிங்க மலை ஏறுறதுக்கு முன்னாடி நிறுத்திப் பாருங்க, புண்ணியமாப் போகும்.' பேரைக்கூடச் சொல்லவில்லை.

அபராதச் சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தான்.

"குடிக்காத யாராவதுதான் இனி ஓட்டணும். அக்கா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷமாச்சு. சாவிதான் இன்னும் வாங்கல."

ஒரோஸ்பாய் துள்ளினார். "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், பொண்டாட்டி ஓட்டுறதா? ஊரே சிரிக்கும்!"

"போலீஸ் பிடுங்கிக் கொடுத்தான்னு சொல்லுங்க. பழி என் மேல," என்றான் தாலாய்.

பழியைச் சுமக்க ஆள் கிடைத்ததும் மானம் தப்பியது. சாவியைக் கொடுத்துவிட்டு, பேத்தியோடு பின்னால் போய் உட்கார்ந்தார்.

சுயூம்கான் பொய்யாகக்கூடத் தயங்கவில்லை. கண்ணாடியைத் தனக்கேற்றபடி திருப்பினாள். பிறகு ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினாள்.

"வேணாங்கக்கா, நான் எதுவும் வாங்கறதில்ல."

"லஞ்சம் கொடுக்கறவ சீட்டு எழுதறதுக்கு முன்னாடில்ல கொடுப்பா? கல்யாண வீட்டுப் பங்குடா. வழியில பாக்கிறவங்களுக்குக் கொடுக்கறது நம்ம வழக்கம்தானே? தின்னு தொலை!"

வண்டி குலுங்காமல் மலை ஏறியது. பின்னாலிருந்து, "கியரை மாத்து! கியரை மாத்துடீ!" என்ற குரல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

தாலாய் பொட்டலத்தைப் பிரித்தான். ஆட்டிறைச்சி, பொரித்த மாவுருண்டைகள், நடுவே மடித்த ஒரு காகிதம். கல்யாண வீட்டிலேயே எழுதியிருக்கிறாள்.

'தம்பி, காலையில போன்ல கேட்டபடி நின்னதுக்கு நன்றி. இன்னும் கொஞ்ச நேரத்துல உன்னைக் கன்னாபின்னான்னு திட்டப்போறேன், மனசுல வச்சுக்காதே. அடுத்த சனிக்கிழமை இவர் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். அதே இடத்துல நின்னுடு.'