எங்கே தட்டினாலும் முகப்பு

சன்னல்களை மூடிய கூட்ட அறையில் புரொஜெக்டர் வெளிச்சம் மட்டும் சுவரில் விழுகிறது. மேனேஜர் அந்த நீளமான அறிக்கையைத் திறந்து காட்டுகிறார். மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை எழுதியவள் கடைசி நாற்காலியில் இருக்கிறாள். முகப்புப் பக்கத்தில் இருந்த அவள் பெயரை அவர் நேற்று எடுத்துவிட்டார். அவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கிறது. இன்று காலை அவளும் பொருளடக்கத்தில் ஒரு வேலை பார்த்து வைத்தாள். "செலவுப் பகுதியக் காட்டுங்க," என்கிறார் முதலாளி. மேனேஜர் பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பைத் தட்டுகிறார். செலவுக்குத் தாவ வேண்டிய லிங்க் முகப்புக்குத் தாவுகிறது. வேறொன்றைத் தட்டுகிறார். மறுபடியும் முகப்பு, மறுபடியும் அவர் பெயர். "உங்க பேரு மனப்பாடமே ஆயிடுச்சு மேனேஜர், செலவக் காட்டுங்க," என்கிறார் முதலாளி. யாரோ சிரிப்பை இருமலாக்கி விழுங்குகிறார்கள். மேனேஜரின் காது மடல் சிவக்கிறது. "கொஞ்சம் வந்து பாரும்மா." அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகுகிறாள். "நீங்க எழுதினது சார். எது எங்க இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?" ஒரு மிடறு குடிக்கிறாள். வெறும் தண்ணீர் இனிக்கிறது. அவர் மவுஸ் சக்கரத்தை உருட்டத் தொடங்குகிறார். பக்கங்கள் ஓட ஓட எல்லார் முகத்திலும் வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கிறது. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.