உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

அறையில் இருந்தவர்கள்: ரயில் கார்டு ஹெட்லி, ரயில் பெட்டிகளுக்குத் தச்சு வேலை பார்க்கும் நெவில், தேநீர்க் கடை மேவிஸ். பொம்மைகளைச் சேர்த்தால் ஐந்து பேர்.

மேசைமேல் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன ரயில் பெட்டி முக்கால்வாசி எழும்பி நின்றது. வெளியே மூன்றாம் தடத்தில் நிற்கும் நூறு வயதுப் பெட்டியின் குட்டி அது. நாளை மாதிரிக்காகக் கடைக் கண்ணாடிக்குள் வைக்கவேண்டும். கிறிஸ்துமஸுக்கு இதே கட்டைத் தொகுப்பை நாலு பேர் வாங்கினால் அசலின் கூரையைப் பூசலாம்.

யார்க்‌ஷைரில் தன்னார்வலர்கள் ஓட்டும் இந்தப் பழைய ரயில் பாதையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கிடைப்பது தேநீரும் முதுகுவலியும்.

ஹெட்லி, பெட்டிக் கதவுகளைப் பூட்டும் தன் கார்டு சாவியின் சதுர முனையால் கட்டை ஒன்றை நெம்பினார். கதவுகளின் உள்பக்கக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும் விடுடா. வாங்குற குழந்தை வந்து கேஸ் போடப் போகுதா?" என்றார் நெவில்.

"அசல்ல உள்ள கைப்பிடி ஏது? தோல் வாரைத் தளர்த்தி ஜன்னலை இறக்கணும், வெளிய கைவிட்டுத் திறக்கணும். செய்றதை ஒழுங்கா செய்யணும்ல."

மேவிஸ் தேநீர் ஊற்றினார். ஊரில் எல்லோரையும் 'கண்ணு' என்று கூப்பிடுகிறவர் அவர். ஹெட்லியை மட்டும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஊற்றி முடித்ததும் கார்டு பொம்மையை எடுத்து, குட்டிப் பெட்டியின் அறைக்குள் இருந்த தொப்பிக்காரி பொம்மைக்கு எதிரே உட்காரவைத்தார்.

ஹெட்லி அதை எடுத்து வெளியே நிறுத்தினார். "கார்டு பிளாட்ஃபாரத்துலதான் நிக்கணும்."

இது மூன்றாவது தடவை.

வேலையில் இருந்த காலத்தில், புதுத் தம்பதி யாராவது ஏறினால், அவர்களிடம் ஒரு சிகரெட் பாக்கெட் வாங்கிக்கொண்டு பெட்டியின் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார் ஹெட்லி. வேறு யாரும் ஏறித் தொல்லை பண்ணமாட்டார்கள். பெரிய ஸ்டேஷன் வந்ததும் திறந்துவிடுவார். இந்தக் கதையை வாரம் ஒருமுறையாவது சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மேவிஸின் மகன், ஸ்காட்லாந்தில் தான் இருக்கும் அபர்டீனுக்கே வந்துவிடச் சொல்கிறான். மாடியறைக்கு வெள்ளையடித்தும் ஆயிற்று. இன்று இரவு பதில் சொல்வதாக மேவிஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதைக் காலையிலேயே ஹெட்லியிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்து நின்றார்.

"அங்கே குளிரும்" என்றார் ஹெட்லி.

பதினொரு வருஷமாக மனசுக்குள் பூட்டிவைத்திருந்ததில் வெளியே வந்தது வானிலை மட்டும்தான். அப்போதிலிருந்து தன்னைத்தானே சபித்துக்கொண்டு கைப்பிடி பிடுங்குகிறார்.

நெவில் முழங்காலைத் தடவினார். "ஹெட்லி, அசல் பெட்டியில நடு அறைக்குப் புது வார் மாட்டியிருக்கேன். ஒரு எட்டு போய் இழுத்துப் பாரேன். எனக்கு முட்டி உயிர் போகுது."

ஹெட்லிக்கும் அந்த அறையைவிட்டு எழுந்தால் போதும் என்றிருந்தது.

தூறலில் நடந்து போய்ப் பெட்டியில் ஏறினார். ஜன்னலில் வாரைத் தேடினார்.

புது வாரும் இல்லை, பழைய வாரும் இல்லை. ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. ஜன்னல் இறங்காதபடி மர ஆப்பு ஒன்றை வேறு அடித்து இறுக்கியிருந்தது.

நெவிலைத் திட்ட வாயெடுத்தபோது மேவிஸ் ஏறி வந்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் இரண்டு குவளைகள்.

"வார் எங்கே போச்சு?"

"என் கைப்பையில இருக்கு." மேவிஸ் எதிர் இருக்கையில் உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டார். "இப்பச் சொல்லு, ஹெட்லி. மழை, குளிர் தவிர வேற எதையாவது."

ஹெட்லி சாவிக்காகக் கோட்டுப் பையைத் துழாவினார். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் அதைப் பிரிந்ததில்லை. இன்று கட்டைகளுக்கு நடுவே மேசையிலேயே விட்டு வந்திருந்தார்.

முட்டி வலிக்காரர் நெவில் தண்டவாளத்தைத் தாண்டி விறுவிறுவென்று வந்தார். அவர் கையில் அந்தச் சாவி இருந்தது. சட்டைப் பையில் பிரிக்காத சிகரெட் பாக்கெட் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

நெவில் சிகரெட்டை விட்டு இருபது வருஷம் ஆகிறது.

ஹெட்லி மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் குவளையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நெவில் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். கதவை அறைந்து சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.