சுவரில் ஓடிய கோடு

கண்ணாத்தாள். அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க ஹஃப்சாவுக்கு எரிச்சல் மண்டியது.

பொழுது விடிந்ததிலிருந்து நாற்பத்தாறு தடவை. ஒரே பொம்பளை, ஒரே பக்கம். 'கோழிக்கு வெக்கை' என்ற பக்கம். இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் எந்தத் தளம்தான் தாங்கும்?

நாமக்கல்லில் தீவன மில் வைத்திருக்கும் அப்புசாமி, பண்ணைக்காரர்களுக்கென்று ஒரு விக்கி நடத்துகிறார். யாரும் படிக்கலாம், தனக்குத் தெரிந்ததை யாரும் எழுதிச் சேர்க்கலாம். அது ஓடும் சர்வர் மும்பையில் எங்கேயோ இருக்கிறது. ஒழுங்காக ஓடுகிறதா என்று நாமக்கல் ஆபீஸிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஹஃப்சாவின் வேலை.

பார்ப்பதற்குச் சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் ஒரு பச்சைக் கோடு. பக்கம் திறக்க நேரமானால் கோடு ஏறும், சட்டென்று திறந்தால் இறங்கும். ஃபேன் சத்தமும் சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டால் கண் சொக்கிவிடும். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு பண்ணைக்காரர், கோழிக் கொட்டாய் வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனைத் தடவுவதாக அவளுக்குத் தோன்றும். பாதிக் கனவில் அவர்களோடு பேசிக்கூட இருக்கிறாள்.

அப்புசாமிக்கு அந்தக் கோட்டின் மேல் கொள்ளை ஆசை. ஆபீஸில் ஒன்று போதாதென்று, சித்திரை பிறந்ததும் மில்லில், கடையில், தன் வீட்டு ஹாலில் என்று மொத்தம் நாலு டிவி மாட்டச் சொன்னார். அணைக்கவே கூடாது, நொடிக்கு ஒரு தடவை புதுசாகக் காட்ட வேண்டும் என்றார். வருகிறவர்களிடம் எல்லாம், "பாருங்க, உசுரோட ஓடுது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அதெல்லாம் சரி. பத்து நாளாகக் கோடு ஏறினது ஏறினபடியே கிடக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

வெளியே நூற்றி நாலு டிகிரி. கோழி சுருண்டு விழுகிற காலம். வெயில் ஏறுவதற்குள் பக்கம் திறந்தால்தான் ஏதாவது செய்து காப்பாற்ற முடியும். அது மூன்று நிமிஷம் சுற்றிவிட்டு நின்றுபோனால் என்ன பிரயோசனம்?

யார் இப்படித் தட்டுகிறார்கள் என்று பட்டியல் எடுத்தாள். முதல் பெயர் கண்ணாத்தாள், மோகனூர்க்காரி. சொல்லி வைத்தாற்போல் அவளே போனிலும் வந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, அமுத்தறேன், அமுத்தறேன், சுத்திக்கிட்டே நிக்குதுங்க."

"நீங்க இப்படி அமுத்தறதுனாலதான்க்கா மத்தவங்களுக்கு வர மாட்டேங்குது."

"அதில்லீங்க, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

ஹஃப்சா போனை வைத்துவிட்டாள். அப்புசாமியிடம் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. ஒருத்திக்காக ஊரே கெடுவதா, அவள் கணக்கை அடைத்துவிடு என்றார். அடைத்துவிட்டாள்.

கோடு அசையவில்லை.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக ஊர் முழுக்க நிறுத்துவார்கள், காலைப் பேப்பரிலேயே போட்டிருந்தது. ஃபேன் நின்றது. டிவி இருண்டது. தெருவே கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி ஓர் அமைதி. எங்கோ ஒரு காக்கா மட்டும் கத்தியது.

லேப்டாப்பைப் போன் நெட்டில் இணைத்தாள். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சர்வரே போய்விட்டதோ? பயந்துகொண்டே ஒரு பக்கத்தைத் தட்டினாள். தொட்டவுடன் திறந்தது. இன்னொன்று, அதுவும் திறந்தது. தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டே போனாள். உள்ளே இருந்தவர்கள் என்னவோ காலையில் இருந்த அதே முந்நூறு பேர்தான்.

அப்படியானால் போனது யார்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பட்டியலில் நம்முடைய டிவிகள் வராதபடி அவள்தான் விலக்கி வைத்திருந்தாள். நம்ம ஆட்கள் நம்ம தளத்துக்கு என்ன கெடுதல் செய்துவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு. அந்த விலக்கை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கண்ணாத்தாள் எங்கேயோ அடியில் போய்விட்டாள். உச்சியில் நாலு டிவிகள். நல்லா இருக்கியா, எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று நொடிக்கு நொடி அவை கேட்க, ஒவ்வொரு தடவையும் சர்வர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணிப் பதில் சொல்லியிருக்கிறது. காலையிலிருந்து மட்டும் ஐம்பதாயிரம் தடவைக்கு மேல்.

ஹஃப்சாவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

அந்த நேரம் பார்த்து அப்புசாமி போனில் வந்தார். "கரண்ட் வந்ததும் மொத வேலையா டிவியப் போட்டுரு அம்மிணி. நாம பாக்காம வேற யாரு பாக்கறது?"

அவள் போனை வைத்தாள். எழுந்து போய் டிவி ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். திரும்பி வந்து, மற்ற மூன்று டிவிகளையும் அடைத்துவிட்டு, அடைத்து வைத்திருந்த கண்ணாத்தாளைத் திறந்துவிட்டாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெக்கைப் பக்கத்தின் அடியில் புதுசாக நாலு வரி வந்து விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, கண்ணாத்தாள் படிப்பதற்காகத் தட்டவே இல்லை. நாற்பத்தாறு தடவையும் அவள் அமுக்கியது 'சேமி' என்ற பட்டனை. நாற்பத்தேழாவது தடவைதான் அது சேர்ந்திருக்கிறது.

"நேத்து எங்க கொட்டாயில எரநூறு கோழியும் போயிருச்சுங்க. வெயிலுக்கு முன்னால தீனிய நிறுத்தி, கோணிய நனைச்சுக் கட்டியிருந்தாப் பொழச்சிருக்குமாம், எனக்குத் தெரியாமப் போச்சு. இனி எங்கூட்டுல காப்பாத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கும் அதே வெயிலுதான், நீங்களாச்சும் பதினோரு மணிக்குள்ள செஞ்சுருங்க."